ஏணியும் அட்டவணையும்

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஏர்கோன் வேலைக்குப் பஞ்சம் கிடையாது. ஏர்கோன் வேலை பார்க்கிறவன் கையில் பன்னிரண்டு மாதமும் காசு இருப்பதுதான் அபூர்வம். சீனப் பெருநாளுக்கு முந்தைய வாரங்களில் போன் ஓயாது. நோன்புப் பெருநாளுக்கு முன்பும் தீபாவளிக்கு முன்பும் அப்படித்தான். விருந்தாளி வரப்போகிறார்கள் என்றால்தான் பலருக்கு ஏர்கோன் சொட்டுவது கண்ணில் படுகிறது. பெருநாள் முடிந்த மறுவாரமே வேன் வாசலில் நிற்கும். செப்டம்பர், அக்டோபர் மழையில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறவர்களிடம் போய் எதை விற்பது? வேன் தவணைக்கு மட்டும் மழை, வெயில் தெரியாது.

நான் இந்தத் தொழிலில் இறங்கியபோது சுங்கை ஆரா, ரெலாவ் பக்கம் இருந்த ஏர்கோன்காரர்கள் பலரும் என்னைவிடக் கைதேர்ந்தவர்கள். கம்ப்ரஸர் ஓடும் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார்கள். அவர்களில் பாதிப் பேர் இன்று கிராப் ஓட்டுகிறார்கள். வேலை தெரியாமல் போனவர்கள் இல்லை. போன் அடித்தால் வருமானம், அடிக்காவிட்டால் இல்லை என்ற ஏற்பாட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதுக்குப் பிறகு தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

எனக்கு வேறொரு வழி தெரிந்தது என் சாமர்த்தியத்தால் இல்லை. இந்த ஊரால்.

1969இல் ஜார்ஜ்டவுன் தன் தீர்வையற்ற துறைமுக அந்தஸ்தை இழந்தது. துறைமுகத்தை நம்பியிருந்த தீவில் வேலையில்லாத் திண்டாட்டம். அதே ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் இயூவின் காலத்தில்தான் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. நெல் விளைந்துகொண்டிருந்த பாயான் லெப்பாஸில் 1972இல் தடையற்ற வணிக வட்டாரம் வந்தது. முதலில் வந்த எட்டு நிறுவனங்களை, இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரோனிக்ஸ், போஷ், ஹிட்டாச்சி, கிளேரியன், ‘எட்டு சாமுராய்’ என்று இங்கே இன்றும் சொல்வார்கள். என் அம்மாவும் அந்த வட்டாரத்துப் பெண் தொழிலாளிகளில் ஒருத்தி. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சிப்பில் இணைக்கும் வேலை. அந்த அறை எப்போதும் ஒரே குளிரில் இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் அம்மாவின் விரல்கள் சில்லென்று இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்தக் குளிரை உண்டாக்குகிற இடத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. பின்னால் வந்த ஒரு தொழிற்சாலையின் ஃபெசிலிட்டி பிரிவு. சில்லர், கூலிங் டவர், காற்றை வடிகட்டி அனுப்பும் பெரிய யூனிட்டுகள். கிளீன் ரூமில் வெப்பமோ ஈரப்பதமோ எல்லை தாண்டினால் லைன் நிற்கும். லைன் நின்றால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்று மேலே இருப்பவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதனால் அங்கே எதையும் ‘ரோசாக்’ ஆகும்வரை, கெட்டுப்போகும்வரை, விட்டுவைப்பதில்லை. சுவரில் 52 வாரத்துக்கு ஒரு அட்டவணை. எந்த மெஷினை எந்த வாரம் திறந்து பார்க்க வேண்டும், எந்த பெல்ட்டை எப்போது மாற்ற வேண்டும், யார் கையெழுத்துப் போட வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். கெடுவதற்கு முன்பே செய்கிற இந்தப் பராமரிப்புக்குப் பெயர் பி.எம். நல்ல ரிப்பேர்காரனுக்கு அங்கே கைதட்டல் கிடையாது. ஏதாவது நின்றுபோய் நீ அதை ஓடவைத்தால், முதல் கேள்வி ‘ஏன் நின்றது?’ என்பதுதான்.

2009இல், உலகப் பொருளாதார நெருக்கடி எலக்ட்ரானிக்ஸை உலுக்கிய சமயத்தில், வி.எஸ்.எஸ். என்ற விருப்ப விலகல் தொகையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பழைய வேன் ஒன்று, இரண்டு ஏணி, வேக்கம் பம்ப், கேஜ், தண்ணீர் ஜெட். கம்பெனிப் பதிவகமான எஸ்.எஸ்.எம்.மில் வருடத்துக்கு 60 வெள்ளி கட்டி ஒரு கடைப் பெயரைப் பதிவு செய்துகொண்டேன்.

ஆரம்பத்தில் எல்லாரையும் போலத்தான் ஓடினேன். காலையில் ஆயர் ஈத்தாம், மதியம் தஞ்சோங் பூங்கா, சாயங்காலம் பாலேக் பூலாவ் மலைப்பாதை. ஒரு வால் யூனிட் சர்வீசுக்கு அப்போது 60 வெள்ளி. கழற்றி, கழுவி, மாட்ட முக்கால் மணி நேரம். போய் வருவதற்கு அதைவிட இரண்டு மடங்கு. சாயங்காலம் ஷிஃப்ட் விடும் நேரத்தில் லிம் சோங் இயூவின் பெயரையே தாங்கி நிற்கிற அந்த விரைவுச்சாலையில் மாட்டிக்கொண்டால், தொழிற்சாலை பஸ்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு கணக்குப் போட நிறைய நேரம் கிடைக்கும். ஒரு நாளில் நான் ஏணிமேல் நின்ற நேரம் மூன்று மணிதான். ஏணிமேல் நிற்கும்போது மட்டும்தான் எனக்குச் சம்பளம்.

ஆக முதலில் மாற்றியது விலையை அல்ல, எல்லையை. பாலத்திலிருந்து விமான நிலையம் வரை, அந்தப் பக்கம் ரெலாவ், இந்தப் பக்கம் பத்து மாவுங். அதற்கு வெளியே கூப்பிட்டால் வேறு ஆளின் நம்பரைக் கொடுத்தேன். உறவுக்காரர்களுக்கு இது பெரிய மனத்தாங்கல். “ஏம்ப்பா, தஞ்சோங் பூங்கா என்ன தைப்பிங்கிலா இருக்கு?” என்று சித்தப்பா ஒருவர் கோவிலில் வைத்தே கேட்டார். சிரித்துவிட்டு நகர்ந்தேன். ஒரே கட்டடத்தில் 12 யூனிட் இருந்தால் இரண்டு பேர் ஒரே நாளில் முடித்துவிடலாம், பார்க்கிங் ஒரு தடவைதான், ஏணியை ஒரு தடவை இறக்கினால் போதும். இதை அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஒரே கட்டடத்தில் 12 யூனிட் எங்கே கிடைக்கும்? பெரிய தொழிற்சாலைகளில் இல்லை. அங்கே சில்லர்களுக்கு வேறு கம்பெனிகள், வேறு லைசென்ஸ், வேறு உலகம். ஆனால் அந்தப் பெரிய தொழிற்சாலைகளைச் சுற்றி அவற்றுக்கு அச்சு செய்து கொடுப்பவர்கள், பெட்டி செய்து கொடுப்பவர்கள், ஸ்டாம்பிங் பட்டறைகள், சின்னச் சின்னப் பொறியியல் கம்பெனிகள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. கீழே பட்டறை, மேலே ஆபீஸ். ஆபீசில் எட்டோ பன்னிரண்டோ ஏர்கோன். ஆறு மாதம் யாரும் தொடமாட்டார்கள். பட்டறை எண்ணெய்ப் புகையும் தூசியும் காயிலில் அப்பி, ஒரு நாள் கணக்குப்பிள்ளையின் மேசைமேல் தண்ணீர் கொட்டும். அப்போதுதான் போன் வரும்.

அவர்களிடம் என் பழைய அட்டவணையைக் கொண்டுபோனேன்.

முதலில் பார்த்த தவுக்கே, அதாவது முதலாளி, காகிதத்தைப் பார்க்கவே இல்லை. “தம்பி, ரோசாக் பாரு பாங்கில்லா” என்றார். கெட்டுப்போனால் கூப்பிடுகிறேன் போ, என்று அர்த்தம். நியாயமான பேச்சுதான், கெடாத பொருளுக்கு எவன் காசு கொடுப்பான்? ஆனால் அவரும் பெரிய தொழிற்சாலைக்குப் பொருள் செய்கிறவர். அவர்களுடைய ஆடிட்டர் வந்து அவர் மெஷின்களுக்கு பி.எம். ரெக்கார்டு எங்கே என்று கேட்பது அவருக்குத் தலைவலி என்று எனக்குத் தெரியும். “அளவெடுக்கிற அறையில் ஏர்கோனுக்கும் ரெக்கார்டு வேண்டுமே, தவுக்கே?” என்றேன். அரைகுறை ஹொக்கியனும் மலாயும் கலந்த பேச்சு. துல்லியமாக அளக்கும் கருவிகள் இருக்கிற அறையில் வெப்பநிலை ஏறி இறங்கினால் அளவு மாறிப்போகும், அதை ஆடிட்டர் விடமாட்டார். தவுக்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தைக் கையில் எடுத்தார்.

எனக்குத் தொழில் உண்மையில் ஆரம்பித்தது அந்த மேசையில்தான் என்று சொல்வேன். வீட்டுக்காரருக்கு பி.எம். என்றால் புரியவைக்க வேண்டும். பாயான் லெப்பாஸ் பட்டறை முதலாளிக்கு அது ஏற்கெனவே தெரிந்த பாஷை. நாட்டின் வேறு ஊரில் இதே காகிதத்தை வைத்துக்கொண்டு நான் கதவு கதவாக அலைந்திருப்பேன்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவோம். ஃபில்டர், காயில், புளோவர் சுத்தம் செய்வோம். தண்ணீர் போகும் குழாயை உறிஞ்சி எடுப்போம். வருடத்தில் ஒரு தடவை கெமிக்கல் வாஷ், அதற்குத் தனி விலை. கம்ப்ரஸர், போர்டு, கேஸ் கசிவு இதில் சேராது. 12 யூனிட், வருடத்துக்கு நான்கு தடவை, ஒன்றுக்கு 55 வெள்ளி, மொத்தம் 2,640. அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 220 வெள்ளி பில் போட்டேன். ஒரு தடவைக்கான விலை வீட்டு சர்வீசைவிடக் குறைவு. ஆனால் இப்படி இருபது இடம் சேர்ந்தால், போன் அடிக்காவிட்டாலும் மாதம் 4,400 வெள்ளி. வேன் தவணை, கடை வாடகை, ஒரு பையனின் சம்பளம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அட்டவணையை மனைவி பார்த்துக்கொண்டாள். அவளும் தொழிற்சாலையில் பிளானிங் பிரிவில் இருந்தவள். “ஏங்க, பெருநாள் வாரத்துல ஒப்பந்த வேலை எதுக்கு? அப்பதான் வீட்டுக்காரங்க கூப்பிடுவாங்க. இதை மழை மாசத்துக்குத் தள்ளுங்க” என்று அவள் சொன்னது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். வருடத்தின் பள்ளங்களை நிரப்பியது அதுதான்.

ஒப்பந்தப் பணம் சீராக வரும், ஆனால் கொழுத்த பணம் இல்லை. மேல் வருமானம் வேறு இடத்திலிருந்து வந்தது. அதை எதிர்பார்த்து நான் செய்யவில்லை.

ஒவ்வொரு யூனிட்டின் பக்கத்திலும் ஒரு அட்டை ஒட்டுவோம். வந்த தேதி, யார் வந்தது, கிளாம்ப் மீட்டரில் எத்தனை ஆம்பியர். பழைய தொழிற்சாலைப் பழக்கம். இரண்டு வருட அட்டையைப் பார்த்தால் எந்த கம்ப்ரஸர் கிழடாகிறது என்று தெரியும். அதே சுத்தம், அதே அறை, மின்சாரம் மட்டும் தடவைக்குத் தடவை கூடுதலாக இழுக்கிறது என்றால் அது ஓய்வு கேட்கிறது. வருடக் கடைசியில், அடுத்த வருடத்துக்கு பட்ஜெட் போடும் நேரத்தில், அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போவேன். “இந்த மூன்றும் அடுத்த வருஷம் தாங்காது.” வெயில் காலத்தில் திடீரென்று நின்றுபோனால் அவர் நான்கு கடைகளில் விலை கேட்பார், அவசரத்தில் எவனாவது கிடைத்தவனைப் பிடிப்பார். முன்கூட்டியே சொன்னவனிடம் பேரம் பேசுவது குறைவு. இன்று என் லாபத்தில் பாதிக்குமேல் புது யூனிட் மாட்டும் வேலைகளிலிருந்து வருகிறது. அந்த வேலைகள் எப்போது வரும் என்று ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன்பே எனக்குத் தெரிகிறது.

இதில் காலமும் கை கொடுத்தது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஆர்22 கேஸை உலகம் படிப்படியாகக் கைவிட்டபோது, மலேசியாவிலும் 2015 முதல் சின்ன ஏர்கோன்களில் அது வருவது நின்றது. அதற்குப் பின் வந்த ஆர்410ஏ ஒன்றரை மடங்குக்கு மேல் அழுத்தத்தில் ஓடும். பழைய கேஜ் ஆகாது. இப்போது ஆர்32, அது லேசாகத் தீப்பற்றக்கூடியது, வேக்கம் போடாமல் அவசரமாக வேலை செய்கிறவனுக்கு ஆகாது. ஒவ்வொரு மாற்றத்திலும் புதுக் கருவி வாங்கச் சலித்துக்கொண்டவர்கள் ஒதுங்கிவிட்டார்கள்.

கேஸ் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஏர்கோனில் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ ஓட்டை. ஃபில்டர் அடைத்துக் காற்று போகாவிட்டாலும் காயிலில் ஐஸ் கட்டும். அதைக் காட்டி “கேஸ் குறைச்சல், டாப் அப் பண்ணணும்” என்று சொல்லிக் காசு வாங்குவது இந்தத் தொழிலின் பழைய வருமானம். வீட்டுக்காரர்களும் பழகிவிட்டார்கள். சர்வீஸ் முடிந்ததும் “கேஸ் போடலையா, அண்ணே?” என்று சந்தேகமாகப் பார்ப்பார்கள், ஏதோ பாதி வேலையில் போகிறவன் மாதிரி. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் அடைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். உடனடி வருமானம் குறைந்தது உண்மை. ஆனால் ஒப்பந்தக்காரனுக்கு அதுதான் கணக்கு: மூன்று மாதம் கழித்து அதே முகத்தைப் பார்க்க வேண்டியவன் இந்த மாதம் ஏமாற்ற முடியாது.

கடலோரத்து ஓட்டைகளைத் தேடத் தேவையில்லை. குவீன்ஸ்பே பக்கம், பத்து மாவுங் பக்கம் கடலைப் பார்த்த கொண்டோக்களில் வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகள் உப்புக்காற்றில் பொடிப்பொடியாக உதிரும். இங்கே வேலை பிடித்தது வேறு வழியில். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் 2015இல் நடைமுறைக்கு வந்த பிறகு, நிர்வாகக் குழுக்கள் கணக்குவழக்கோடு, கோட்டேஷனோடு நடக்க ஆரம்பித்தன. காவலர் அறை, ஆபீஸ், ஜிம் என்று ஏழெட்டு யூனிட்டுக்கு மலிவாகவே ஒப்பந்தம் எழுதினேன். அதற்குப் பதிலாக லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம்: வரும் சனிக்கிழமை இந்தக் கட்டடத்தில் இருக்கிறோம், இந்த விலை. ஒரு சனிக்கிழமையில் ஒரே பிளாக்கில் மாடி மாடியாக. வீட்டு வேலையை நான் விட்டுவிடவில்லை. அது என்னை அலையவைக்காதபடி செய்துகொண்டேன்.

பெரிய விலை கிடைப்பது சர்வர் அறைகளில். இருபத்து நான்கு மணி நேரமும் குளிர் வேண்டும். இரண்டு யூனிட்டை மாற்றி மாற்றி ஓடவிட்டு, ஒன்று நின்றால் நான்கு மணி நேரத்துக்குள் ஆள் வந்து நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்போம். அங்கே கழுவுவதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை, அந்த நான்கு மணி நேரத்துக்குத்தான். எல்லையைச் சுருக்கியது இங்கே இன்னொரு தடவை பலன் தந்தது. தீவு முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறவனால் அப்படி வாக்குக் கொடுக்க முடியாது.

வளர்கிற சர்வீஸ் தொழிலை விழுத்துவது வேலைக் குறைவு இல்லை, தேதிகள். சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள். சேமநிதியான கே.டபிள்யூ.எஸ்.பி.யும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவான பெர்கேசோவும் 15ஆம் தேதிக்குள். வாடிக்கையாளர் காசோ 60 நாள், சில இடங்களில் 90. ஒப்பந்தம் கூடக் கூட, நாம் மற்றவர்களுக்குக் கொடுத்து வைத்திருக்கும் கடனும் கூடுகிறது. ஒரு கம்பெனி ‘சிஸ்டம் மாறுகிறது’ என்று ஐந்து மாத பில்லை நிறுத்தி வைத்திருந்தது. அங்கே இருந்த பெண் கிளார்க் என்னைப் பார்த்தாலே மேசைக்குக் கீழே எதையோ தேடுவாள், பாவம். அதற்குப் பிறகு புது ஒப்பந்தத்தில் மாத பில்லை மாத ஆரம்பத்தில் போடுகிறோம்; இரண்டு மாதம் தவறினால் அட்டவணையில் அவர்கள் பெயர் தானாக நிற்கும். சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம். மூன்றாவது மாதம் தண்ணீர் சொட்டும்போது அவர்களே பேசுவார்கள். கடன் வாங்குவதானால் இந்திய சமூகத்துக்கு, சிறுதொழில் கடன் கொடுக்கும் தெக்கூனின் ஸ்பூமி திட்டம் இருக்கிறது. புதிதாகத் தொழில் தொடங்கும் பையன்களிடம் நான் சொல்வது, அதை வேனுக்கும் கருவிக்கும் வாங்குங்கள், சம்பளம் போட வாங்காதீர்கள்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கொண்டோக்கள் வெளியாட்களை உள்ளே விடவில்லை. ஆபீஸ்கள் பூட்டிக் கிடந்தன. ஒப்பந்த வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். ஓடிக்கொண்டிருந்த இடங்களும் சர்வர் அறைகளும், கூடவே அரசாங்கத்தின் சம்பள உதவித்தொகையும், வங்கித் தவணைக்குக் கிடைத்த ஆறு மாத அவகாசமும் சேர்ந்து கரை சேர்த்தன. அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. தனியாக ஏணி தூக்கிக்கொண்டு அலைந்த நண்பர்களுக்கு அந்த உதவித்தொகை கிடைக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் யாருக்கும் பெர்கேசோ கட்டியதில்லை.

ஆட்களைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை பெயரில் இருக்கும் தொழிற்பயிற்சிக் கழகமான ஐ.எல்.பி.யில் படித்து வந்த பையன் ஒருவன் என்னிடம் இருக்கிறான்; மற்றவர்கள் இங்கேயே பழகியவர்கள். நல்ல கை வந்ததும் தனியாகப் போவார்கள். போகட்டும், நானும் அப்படித்தான். ஆனால் போகிறவன் வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு போவான் என்ற பயம் ஒப்பந்தத் தொழிலில் குறைவு. சுவரில் ஒட்டியிருக்கிற அட்டையில் நம் பெயர், வேலை ஆர்டரான பி.ஓ.வில் நம் பெயர், ஆடிட் ஃபைலில் நம் பெயர்.

ஐந்தாவது ஆளைச் சேர்க்கும்போது மட்டும் உட்கார்ந்து யோசியுங்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானபோது, ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருந்தவர்களுக்கு ஆகஸ்ட் வரை அவகாசம் கிடைத்தது, எங்களுக்கு இல்லை. 2024 ஜூனிலிருந்து ஐந்து பேர் இருந்தாலே பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்க வேண்டும். ஏணியும் உயரமும் உள்ள தொழிலில் அது நல்ல சட்டம்தான். வருட வருமானம் ஐந்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால் சேவை வரி; 2024 மார்ச்சிலிருந்து பராமரிப்பு வேலைக்கும் 8 விழுக்காடு. அந்தக் கோட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, தாண்டாமல் இருக்க வேலையைத் தள்ளிப்போடுகிறவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அது பிடிப்பதில்லை. கம்பெனிகள் வரியோடுதான் பில் பார்த்துப் பழகியவை, எட்டு விழுக்காட்டுக்காக யாரும் என்னை மாற்றவில்லை. வீட்டுக்காரர்கள் முனகினார்கள்.

இப்போது என் பட்டறை முதலாளிகளில் சிலர் இடம் போதாமல் பாலம் தாண்டி பத்து கவானுக்குப் போகிறார்கள். அங்கேயும் நீயே வா என்கிறார்கள். பத்து மாவுங்கிலிருந்து இரண்டாவது பாலமே 24 கிலோமீட்டர். இங்கிருந்து தினம் வேனை அனுப்பினால் பழைய கதை திரும்பிவிடும். அதனால் நிபோங் திபால் பையனிடம் பேசியிருக்கிறேன். அவன் வீடு அந்தப் பக்கம். வேன் என் பெயரில், அந்தப் பக்கத்து அட்டவணை அவன் கையில், லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு அவனுக்கு. “பாதியாக்குங்கண்ணே” என்கிறான். மனைவி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.